80-ஆவது நொடியில் இருண்டது வாஷ் அவுட்தானா? கல்லீரல் முடிச்சும் நுண்குமிழி ஸ்கேனும்

பதிவு 1: ஸ்கேன் அறை

அனைவருக்கும் வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றின் ஸ்கேன் மையத்தில் கதிரியக்க மருத்துவராகப் பணிபுரிகிறேன். எங்கள் புதிய இயந்திரத்தில் கான்ட்ராஸ்ட் வசதி, அதாவது நுண்ணிய வாயுக் குமிழிகளை இரத்தத்தில் செலுத்தி அல்ட்ராசவுண்டில் இரத்த ஓட்டத்தை ஒளிரச் செய்து பார்க்கும் வசதி, வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை முப்பதுக்குச் சற்றுக் கூடுதலான நோயாளிகளுக்குக் கல்லீரலில் நுண்குமிழி ஸ்கேன் செய்திருக்கிறேன். இன்று காலை பார்த்த ஒருவரின் படத்தில் மனம் ஒப்பவில்லை. அறிக்கையில் இன்னும் கையெழுத்திடாமல் இதை எழுதுகிறேன்.

நோயாளிக்கு 49 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்தவர். ஆண்டுக்கொருமுறை எடுக்கும் வயிற்று ஸ்கேனில், கல்லீரலின் ஐந்தாம் செக்மென்ட்டில், தோலிலிருந்து நான்கு செ.மீ. ஆழத்தில், 2.4 செ.மீ. அளவுள்ள கருமையான முடிச்சு தெரிந்தது. கல்லீரலில் மிதமான கொழுப்பு இருக்கிறது. 2.4 மி.லி. சோனோவியூ (குமிழி மருந்து) செலுத்தி, அதன் பின்னே 10 மி.லி. சலைன் விட்டோம். 14-ஆவது நொடியில் முடிச்சின் ஓரம் ஒளிர்ந்தது. நடுப்பகுதி கறுப்பாகவே இருந்தது. ப்ரோபை (உடலில் வைத்துப் பார்க்கும் ஒலிக்கருவியை) அசைக்காமல் அதே இடத்தில் வைத்துத் தொடர்ந்து பார்த்தேன். ஏறத்தாழ 80-ஆவது நொடியில் ஓரமும் மங்கி, முடிச்சு முழுவதும் இருண்டுவிட்டது.

ஓரத்தில் ஒளிர்வு, இரண்டு நிமிடத்திற்குள் வாஷ் அவுட் (ஒளிர்ந்த முடிச்சு சுற்றியுள்ள கல்லீரலை விட இருண்டுபோவது), முன்பே புற்று வந்த உடல் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மெட்டாஸ்டாசிஸ் (வேறிடத்துப் புற்று பரவி வந்தது) என்றுதான் எழுத வேண்டும். இருந்தாலும் தொடக்க நொடிகளில் கண்ட அந்த ஓர ஒளிர்வு, நான் இதுவரை பார்த்த மெட்டாஸ்டாசிஸ்களின் வளையத்தைப் போல இல்லை. நாளை மாலை அவருடைய கணவர் அறிக்கை வாங்க வருவார். அந்த ஒரு சொல்லை எழுதினால் அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எதைச் சரிபார்க்கலாம்?

பதிவு 2: இரண்டாம் கருத்து

எம்.ஆர்.ஐ. எடுக்கும் வழியைச் சரிபாருங்கள் என்பதே என் விடை. இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 14 மையங்கள் சேர்ந்து 1349 நோயாளிகளிடம் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பரிசோதனையின் துல்லியம் 90.3 விழுக்காடு என்று வந்தது உண்மைதான். அந்த எண்ணைக் காட்டித்தான் இயந்திர விற்பனையாளர்களும் பேசுகிறார்கள். ஆனால் அங்கே ப்ரோபைப் பிடித்த கைகள் பல ஆண்டுகள் இதையே செய்து பழகியவை. முப்பது நோயாளிகளைப் பார்த்த நம் கைக்கும் அதே எண் பொருந்தும் என்று கொள்ள முடியாது. எம்.ஆர்.ஐ. படத்தை ஒரு மாதம் கழித்து வேறொருவர் திறந்து படித்தாலும் முழுக் கல்லீரலும் அதில் இருக்கும். நுண்குமிழி ஸ்கேனில் நீங்கள் எதைப் பார்த்தீர்களோ அது மட்டுமே இருக்கும்.

பதிவு 3: வடகடல்

நான் இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். சாதாரண அல்ட்ராசவுண்டில் விடை கிடைக்காத கல்லீரல் முடிச்சுகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று நைஸ் அமைப்பு (இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு) 2012-இலேயே பரிந்துரைத்துவிட்டதால், எங்கள் அறையில் இது வாரந்தோறும் நடக்கும் வேலை. எம்.ஆர்.ஐ. வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன் மேடத்திடம் மூன்று கேள்விகள்.

முதலாவது, திரையின் மூலையில் மெக்கானிக்கல் இன்டெக்ஸ் (ஒலியழுத்தத்தைக் குறிக்கும் எண்) எவ்வளவு காட்டியது? அடுத்து, அந்த 80 நொடிகளும் ஒலியை நிறுத்தாமல் ஒரே தளத்தில் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? கடைசியாக, முடிச்சு இருண்டபோது அதே தளத்தில் அதைச் சுற்றியிருந்த கல்லீரலும் மங்கியிருந்ததா? சினி பதிவு (அசையும் படப் பதிவு) இருந்தால் 10-ஆவது நொடியிலிருந்து 25-ஆவது நொடிவரை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, ஓரத்தில் தெரிவது முழு வளையமா, விட்டுவிட்டு நிற்கும் குமிழ்களா என்றும் பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், சோனோவியூவில் இருப்பது சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயு நிரம்பிய, பாஸ்போலிப்பிட் தோல் போர்த்திய குமிழிகள். சராசரி விட்டம் 2.5 மைக்ரான், அதாவது சிவப்பணுவை விடச் சிறியது. அவற்றை அதிரவைக்கும் அதே ஒலியழுத்தம் சற்றுக் கூடினால் அவற்றை உடைத்தும்விடும். உடைந்த குமிழி ஒளிராது. புதிய இரத்தம் வேகமாக வந்து சேரும் இடத்தில் உடைந்ததற்கு ஈடாகப் புதிய குமிழிகள் வந்து நிரம்பிவிடும். இரத்தம் ஊர்ந்து செல்லும் இடத்தில் அப்படி நிரம்பாது. இரத்தக் குழாய்கள் திரண்ட தீங்கற்ற கட்டியான ஹெமாஞ்சியோமாவுக்குள் இரத்தம் ஏறக்குறைய தேங்கித்தான் நிற்கிறது.

பதிவு 4: ஸ்கேன் அறை

மிக்க நன்றி சார். உடனே பதிவைத் திறந்து பார்த்தேன். மெக்கானிக்கல் இன்டெக்ஸ் 0.19. நிறுவனப் பொறியாளர் அமைத்துக் கொடுத்ததை அப்படியே பயன்படுத்தி வந்திருக்கிறேன். அந்த எண்ணை ஒருநாளும் கவனித்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அந்த 80 நொடிகளும் இடைவிடாமல், ஒரே தளத்தில் பார்த்திருக்கிறேன். நல்ல படம் கிடைத்துவிட்டது, கை நகர்ந்தால் போய்விடும் என்ற அச்சம்தான் காரணம்.

சுற்றியுள்ள கல்லீரலைப் பற்றிக் கேட்டீர்கள். 40-ஆவது நொடியில் இருந்ததை விட 80-ஆவது நொடியில் அதுவும் மங்கியே இருக்கிறது, அதிலும் தோலுக்கு அருகிலுள்ள பகுதி கூடுதலாக மங்கியிருக்கிறது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தியபோது 16-ஆவது நொடியில் ஓரத்தில் மூன்று இடங்களில் மிளகு அளவில் தனித்தனிப் பொட்டுகள் தெரிகின்றன. இடையில் கறுப்பு இடைவெளி இருக்கிறது. அசையும் படத்தில் கண்ணுக்கு அது வளையமாகத் தெரிந்திருக்கிறது.

பதிவு 5: வடகடல்

அப்படியானால் அறிக்கையை நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று. இடைவெளி விட்டு நிற்கும் பொட்டுகள், உள்நோக்கி நிரம்பத் தொடங்குவது ஆகிய இரண்டும் ஹெமாஞ்சியோமாவின் இயல்பு. கொழுப்புள்ள கல்லீரலில் அது வெளுப்பாகத் தெரியாமல் கருமையாகத் தெரிவதும் வழக்கம்தான். ஆனால் படத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. முடிந்தால் இன்னொரு முறை செலுத்திப் பாருங்கள்.

இம்முறை மெக்கானிக்கல் இன்டெக்ஸை 0.1-க்குக் கீழே கொண்டுவாருங்கள். முதல் 60 நொடிகள் தொடர்ச்சியாகப் பார்க்கலாம்; தமனிக் கட்டத்தை (தமனி வழியாக மருந்து முதலில் வந்து சேரும் நேரத்தை) தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. அதன் பிறகு ஃப்ரீஸ் பொத்தானை அழுத்திவிட்டு, 30 நொடிக்கு ஒருமுறை மட்டும் திறந்து, சில நொடி பார்த்து, மீண்டும் மூடுங்கள். குமிழிகள் கல்லீரலிலிருந்து மறையும்வரை, அதாவது நான்கு முதல் ஆறு நிமிடங்கள்வரை இப்படிச் செய்ய வேண்டும். பொறுமை குறைந்தவர்கள் இரண்டாவது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். அங்கேதான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. இருண்டதாகச் சந்தேகம் வந்தால் ப்ரோபை ஒரு செ.மீ. நகர்த்தி, இதுவரை ஒலி படாத தளத்தில் முடிச்சைப் பாருங்கள். அங்கே அது ஒளிர்ந்துகொண்டிருந்தால் முதலில் கண்டது வாஷ் அவுட் அன்று.

பதிவு 6: புதுப்பயிற்சி

நான் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவன். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கல்லீரல் தழும்பேறிய சிரோசிஸ் நோயாளிகளில் வாஷ் அவுட் 60 நொடிக்கு முன்னா, பின்னா என்பதை வைத்தே முடிவு மாறுவதாகப் படித்தேன். சி.டி.யில் அப்படி ஒரு நொடிக்கணக்கு இல்லையே? மேலும், ஒரு காலத்தில் அமெரிக்க வழிகாட்டியிலிருந்து இந்தப் பரிசோதனையையே நீக்கிவிட்டார்கள் என்று பேராசிரியர் சொன்னார். யாரேனும் விளக்க முடியுமா?

பதிவு 7: ஈரல் நோக்கர்

நான் கல்லீரல் மருத்துவன். ப்ரோபைப் பிடிப்பவன் அல்லன், அதன் அறிக்கையை நம்பி முடிவெடுப்பவன். தம்பி கேட்டது நல்ல கேள்வி. இதற்கு விடை வாஷ் அவுட் என்ற சொல் இரண்டு பரிசோதனைகளில் இரண்டு வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறது என்பதில் இருக்கிறது.

சி.டி.யில் செலுத்தும் அயோடின் மருந்து இரத்தக் குழாயை விட்டுக் கசிந்து திசுக்களின் இடைவெளிக்குள் போய்விடும். பித்தநாளப் புற்றான கோலாஞ்சியோகார்சினோமாவில் நார்த்திசு நிறைந்திருப்பதால், கசிந்த மருந்து அங்கேயே தங்கி, நேரம் செல்லச் செல்ல அந்தக் கட்டி வெளுத்துக்கொண்டே போகும். நுண்குமிழியோ குழாயை விட்டு வெளியே போவதே இல்லை. அதனால் அதே கட்டி நுண்குமிழி ஸ்கேனில் தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்துவிட்டு, விரைவிலேயே இருண்டுவிடும். நோயாளியும் கட்டியும் ஒன்றாக இருக்க, சி.டி.யில் வாஷ் அவுட் இல்லை என்றும் இதில் வாஷ் அவுட் உண்டு என்றும் வரும். ஒளிர்ந்தது, இருண்டது, ஆகவே ஹெச்.சி.சி. (கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்று) என்று சி.டி. விதியை அப்படியே இதற்கும் பொருத்தினால், கோலாஞ்சியோவை ஹெச்.சி.சி. என்று எழுதி, தவறான சிகிச்சைக்கு அனுப்பிவிடுவோம். பார்சிலோனாவிலிருந்து இந்த எச்சரிக்கை வந்த காலத்தில்தான் அமெரிக்கக் கல்லீரல் சங்கம் தன் வழிகாட்டியிலிருந்து இதை எடுத்தது. மருந்துக்கும் அமெரிக்காவில் கல்லீரல் பரிசோதனைக்கான அனுமதி 2016-இல்தான் கிடைத்தது. ஐரோப்பாவில் 2001 முதலே புழக்கத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நொடிக்கணக்கு வந்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். 2016-இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி வெளியிட்ட லை-ராட்ஸ் என்ற கல்லீரல் முடிச்சுகளை வகைப்படுத்தும் முறையில், சிரோசிஸ் போன்ற ஆபத்துள்ளவரிடம் ஒரு செ.மீ.க்குக் குறையாத முடிச்சு தமனிக் கட்டத்தில் ஓர வளையமாகவோ ஓரப் பொட்டுகளாகவோ இல்லாமல் ஒளிர்ந்து, 60 நொடிக்குப் பிறகு, மிதமாக மட்டும் இருண்டால் எல்.ஆர். 5. அதற்குப் பயாப்சி இன்றியே ஹெச்.சி.சி. என்று சிகிச்சையைத் தொடங்கலாம். 60 நொடிக்கு முன்பே இருண்டாலோ, இரண்டு நிமிடத்திற்குள் துளையிட்டதுபோல் முழுக் கறுப்பானாலோ, ஓர வளையமாக ஒளிர்ந்தாலோ எல்.ஆர். எம். அதன் பொருள் புற்று என்பது ஏறக்குறைய உறுதி, ஆனால் ஹெச்.சி.சி. என்று சொல்ல முடியாது என்பதே. அவற்றில் கணிசமானவை பயாப்சியில் ஹெச்.சி.சி. ஆகவே வருவதையும் பார்க்கிறோம். எனவே எல்.ஆர். எம். என்ற அறிக்கையைக் கண்டதும் கோலாஞ்சியோ என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள், திசுவைக் கேளுங்கள்.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். ஹெப்படைடிஸ் பி, சிரோசிஸ், ஆறாம் செக்மென்ட்டில் 1.8 செ.மீ. முடிச்சு. சி.டி.யில் ஒளிர்ந்தது, ஆனால் வாஷ் அவுட் தெளிவில்லை. நுண்குமிழி ஸ்கேனில் முதல் நிமிடம் முடிவில் கல்லீரலோடு கல்லீரலாக இருந்தது. இரண்டாவது நிமிடத்திலும் அப்படியே. மூன்றாவது நிமிடம் தாண்டியதும் சாம்பல் பூத்தாற்போல் இலேசாக இருண்டது. ஸ்கேன் செய்தவர் இரண்டாவது நிமிடத்தில் எழுந்திருந்தால் வாஷ் அவுட் இல்லை என்று எழுதியிருப்பார். வடகடல் சொன்ன பொறுமை இதுதான்.

பதிவு 8: இரண்டாம் கருத்து

ஈரல் நோக்கரின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதுவே என் தரப்பையும் உறுதி செய்கிறது. ஒரு நொடிக்கணக்கில் சிகிச்சை மாறுமானால், அந்தக் கடிகாரத்தை யார், எப்போது அழுத்தினார் என்பது முக்கியமாகிறது. பல மையங்களில் மருந்து செலுத்தும் செவிலியர் ஒருவர், கடிகாரத்தை அழுத்துபவர் இன்னொருவர். செலுத்தத் தொடங்கியபோது அழுத்தினாரா, முடிந்தபோது அழுத்தினாரா என்று கேட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. முடிச்சுகள் நான்கு இருந்தால், ஒருமுறை செலுத்தும் மருந்தில் ஒன்றின் தமனிக் கட்டத்தைத்தான் பார்க்க முடியும். உதரவிதானத்தின் அடியில், எட்டாம் செக்மென்ட்டின் உச்சியில் இருப்பது நுரையீரலின் காற்றில் மறைந்துவிடும். கொழுப்பு மிகுந்த கல்லீரலில் பத்து செ.மீ. ஆழத்திற்கு அப்பால் எல்லாமே இருட்டு. அதை வாஷ் அவுட் என்று எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன். புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறிய சி.டி., எம்.ஆர்.ஐ. தவிர வேறு வழியில்லை.

பதிவு 9: வடகடல்

அதில் கருத்து வேறுபாடே இல்லை. இந்தப் பரிசோதனை முழுக் கல்லீரலையும் பற்றிய கேள்விக்கு ஏற்றதன்று. கண்ணுக்குத் தெரியும் ஒரு முடிச்சு என்ன என்ற கேள்விக்குத்தான் ஏற்றது. அந்த ஒரு கேள்விக்கு, அதே மேசையில், நோயாளி எழுந்திருப்பதற்குள் விடை தருகிறது. முப்பது வயதுப் பெண்ணிடம் தற்செயலாகத் தெரியும் இரண்டு செ.மீ. முடிச்சில், நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஒளி பரவி, ஐந்தாவது நிமிடத்திலும் இருளாமல் நின்றால் அது எஃப்.என்.ஹெச். என்ற தீங்கற்ற முடிச்சு. அந்த ஆரக்கால் காட்சி இரண்டு மூன்று நொடிகளே நீடிக்கும். நொடிக்குப் பல படங்களாக ஓடும் அல்ட்ராசவுண்ட் அதைப் பிடித்துவிடும், சி.டி. பெரும்பாலும் தவறவிடும். மூன்று செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் இந்தக் காட்சி அவ்வளவு தெளிவாக அமைவதில்லை; அங்கே எம்.ஆர்.ஐ.தான் மேல்.

கடிகாரத்தைப் பொறுத்தவரை, குமிழி மருந்து முழுவதும் உள்ளே போய்ச் சலைன் தொடங்கும் நொடியில் அழுத்துவது எங்கள் வழக்கம். சலைன் தொடங்குபவர் வாய்விட்டு ‘இப்போது’ என்று சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பதிவு 10: தந்தைக்காக

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. என் தந்தைக்கு 67 வயது, சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுள்ளது, கிரியாட்டினின் 3.8. கல்லீரலில் ஏதோ முடிச்சு இருப்பதாகச் சொல்லி, சி.டி. மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் பேசும் இந்த ஊசி சிறுநீரகத்தைப் பாதிக்குமா?

பதிவு 11: ஈரல் நோக்கர்

ஐயா, இந்த மருந்தில் சி.டி.க்குரிய அயோடினும் இல்லை, எம்.ஆர்.ஐ.க்குரிய கெடோலினியமும் இல்லை. குமிழிக்குள் இருக்கும் வாயு நுரையீரல் வழியாக மூச்சோடு சில நிமிடங்களில் வெளியேறிவிடும். சிறுநீரகத்திற்கு அதில் வேலையே இல்லை. ஆகவே கிரியாட்டினின் மிகுந்தவர்களுக்கு நாங்கள் முதலில் நினைப்பது இதைத்தான். ஆனால் ஆபத்தே இல்லாத மருந்து என்று எதுவும் கிடையாது. இத்தாலியில் 23,188 பரிசோதனைகளைத் தொகுத்தபோது கடுமையான பின்விளைவு 0.0086 விழுக்காடு, அதாவது பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டி இருந்தது. அரிதென்றாலும் அலர்ஜி அதிர்ச்சி வரக்கூடும் என்பதால், அவசர மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில்தான் செய்ய வேண்டும். முடிந்த பிறகு அரைமணி நேரம் அமர வைக்க வேண்டும். தந்தைக்கு இதய நோய், நுரையீரல் இரத்தக் குழாய்களில் உயர் அழுத்தம், பாலிஎத்திலீன் கிளைகால் கலந்த மருந்துகளுக்கு ஒவ்வாமை ஆகியவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிச்சு சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரிகிறதா என்றும் கேளுங்கள். அதில் தெரியாததை இதில் தேடுவது கடினம். அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் நுண்குமிழி ஸ்கேன் என்ற பெயரைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பதிவு 12: ஸ்கேன் அறை

இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

மறுநாள் காலை நோயாளியை மீண்டும் வரவழைத்தோம். எங்கள் கவனக் குறைவால் நேர்ந்தது என்பதால் புதிய குப்பியின் விலையை மையமே ஏற்றது. ஒரு குப்பியை இரண்டு நோயாளிகளுக்குப் பகிரலாமே என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். ஒரு பரிசோதனைக்கு மட்டும் என்று மருந்துத் தாளில் இருப்பதைக் காட்டி மறுத்துவிட்டேன்.

மெக்கானிக்கல் இன்டெக்ஸ் 0.08. தொடக்கத்தில் அதே மூன்று பொட்டுகள், நான்காவதாக ஒன்று பின்பக்கத்தில். 60-ஆவது நொடியில் ஃப்ரீஸ். 90-ஆவது நொடியில் திறந்தபோது பொட்டுகள் பருத்து ஒன்றோடொன்று தொட்டிருந்தன. இரண்டு நிமிடத்தில் நடுவில் ஒரு கடுகளவு கறுப்பு மட்டும் மிஞ்சியது. மூன்றரை நிமிடத்தில் அதுவும் நிரம்பி, முடிச்சு சுற்றியுள்ள கல்லீரலை விடச் சற்று வெளுப்பாகவே நின்றது. பிறகு கல்லீரல் முழுவதையும் ஒருமுறை மெதுவாகத் துழாவினேன். சல்லடைத் துளைபோல் கறுப்பாக ஒன்றே ஒன்று ஏழாம் செக்மென்ட்டில் தெரிந்து நெஞ்சு திக்கென்றது. பக்கத்துச் சாதாரணப் படத்தில் பார்த்தால் அது ஏற்கெனவே தெரிந்த ஆறு மி.மீ. நீர்க்கட்டி.

ஹெமாஞ்சியோமாவுக்குரிய தோற்றம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். புற்றுநோய் மருத்துவர் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்றார். இரண்டாம் கருத்து சார் மகிழட்டும், நேற்று எடுத்தாயிற்று. டி2 படத்தில் (நீர்மம் வெண்மையாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. வகை) விளக்குப்போல் வெண்மை, ஓரத்திலிருந்து நிரம்பும் அதே பொட்டுகள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

பழைய முப்பது பதிவுகளையும் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். 0.19-இல் பார்த்து மெட்டாஸ்டாசிஸ் என்று எழுதியவை நான்கு. மூவருக்குப் பயாப்சியில் உறுதியாகிவிட்டது. நான்காமவரை நாளை அழைத்திருக்கிறோம்.

பதிவு 13: வடகடல்

நான்காமவருக்குச் செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். த்ரீ-வேயில் (மூன்று வாய் கொண்ட குழாய் இணைப்பில்) குமிழி மருந்தை நேர் வாயிலிலும் சலைனைப் பக்க வாயிலிலும் பொருத்துங்கள். மாற்றிப் பொருத்தினால் திருப்பத்திலேயே ஒரு பகுதி குமிழிகள் உடைந்துவிடும். வென்ஃப்ளான் (இரத்த நாளத்தில் ஏற்றும் ஊசிக்குழாய்) பச்சையோ இளஞ்சிவப்போ இருக்கட்டும், அதைவிட மெல்லியது வேண்டாம். முடிவை இங்கே எழுதுங்கள்.